மலைநாட்டு ஆராய்ச்சி நிலையமும் தேயிலைப் புழுவின் பகைவனும்

தேயிலைச் செய்கையில் ஒரு பீடை தோன்றியவுடன் அதனை ஒழிக்க ஒரு மருந்தைத் தேடுவது செய்கையாளரின் இயல்பு. ஆனால் மருந்தைத் தெளிக்குமுன் அறியவேண்டியவை பல உள. அப்பூச்சி எங்கே முட்டையிடுகின்றது, எத்தனை நாளில் வளர்கின்றது, எவ்வுயிர் அதனைக் கொன்று வாழ்கின்றது என்பனவற்றை அறியாது தெளிக்கும் மருந்து, ஒரு பீடையைக் குறைத்து வேறொன்றைப் பெருக்கிவிடலாம். இலங்கையின் மலைநாட்டில் இவ்வாறு ஒருமுறை நிகழ்ந்தது. அதன் காரணத்தை வெளிப்படுத்தியது மலையிலேயே நடைபெற்ற பொறுமையான ஆராய்ச்சியாகும். அத்தகைய ஆராய்ச்சி நடைபெறும் முறையையும், அதனாற் பெற்ற பாடத்தையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

நிலையம் மலையில் இருப்பது ஏன்?

இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் தலைமை நிலையம் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,380 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6 பாகைக்குச் சற்று மேலாகக் குறைகின்றது. பூச்சிகளின் வளர்ச்சி சூழ்ந்துள்ள வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த இடத்தில் முட்டை பொரிப்பதற்கும் புழு வளர்வதற்கும் கூடிய நாட்கள் செல்லும். ஆகவே, கொழும்பிலுள்ள ஆய்வுகூடத்தில் வளர்த்த புழுவின் நாட்கணக்கு மலைச்சரிவில் வாழும் புழுவுக்குப் பொருந்தாது. பூச்சி வாழும் இடத்திலேயே, அது உண்ணும் செடியிலேயே, அது நனையும் மழையிலேயே அதனை ஆராய்தல் வேண்டும். மலையில் நிலையம் அமைப்பதன் முதற்காரணம் இதுவே.

புழுவும் குளவியும்

உயர்ந்த தோட்டங்களில் தேயிலையைத் தாக்கும் பீடைகளுள் இலைகளைப் பின்னும் டோற்றிக்ஸ் புழு முக்கியமானது. இதன் தாய் ஓர் அந்துப்பூச்சி. அது முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில் முட்டைகளைக் குவியலாக இடும். பொரித்து வெளிவரும் புழுக்கள் அயலிலுள்ள இலைகளை நூலாற் பிணைத்து, அக்கூட்டினுள் இருந்துகொண்டு இலையைத் தின்னும். பறிக்கவேண்டிய கொழுந்து கூட்டினுள் அகப்பட்டுப் பழுதாகும். முட்டைக் குவியல்களைக் கையாற் பொறுக்கி அழிப்பது முன்னர் வழக்கிலிருந்த முறையாகும். பரந்த மலைகளில் இவ்வேலைக்கு ஆட்கூலி மிகுதி; பயனோ குறைவு.

1935–36 ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து மக்ரோசென்றசு ஓமோனே என்னும் சிறு குளவி இங்கு கொண்டுவரப்பட்டது. இக்குளவி மனிதரைக் கொட்டி வருத்தும் இனமன்று. அது டோற்றிக்ஸ் புழுவைத் தேடிச் சென்று அதன் உடலினுள் முட்டையிடும். பொரித்த குடம்பி புழுவை உள்ளிருந்தே உண்டு வளரும். புழு இறந்துபோக, குளவி வெளிவரும். விடப்பட்ட குளவி மலைநாட்டில் நிலைபெற்றுப் பரவியது. பெரும் பீடையாயிருந்த டோற்றிக்ஸ் புழு, குளவி காவலாக நின்ற காலம்வரை அடங்கியிருந்தது.

எண்ணிக் காணும் முறை

புழு குறைந்தது குளவியினாலா, அன்றி மழையினாலா என்று எவ்வாறு அறிவது? இதற்கு எண்ணுதலே வழி. ஆராய்ச்சியாளர் ஒரு நிலப்பகுதியின் பல செடிகளிலிருந்து புழுக்களைச் சேகரிப்பர். ஒவ்வொன்றையும் தனிக்குழாயில் இட்டு, நாடோறும் புதிய இலை கொடுத்து வளர்ப்பர். அந்துப்பூச்சியாக வெளிவந்தவை எத்தனை, குளவியை வெளிப்படுத்தியவை எத்தனை, நோயால் மடிந்தவை எத்தனை என வெவ்வேறாகக் குறித்துக்கொள்வர். உதாரணமாக, 100 புழுக்களில் 60 குளவியை ஈன்றால், அங்கே குளவி நன்கு தொழிற்படுகின்றது எனலாம். 5 மட்டுமே ஈன்றால், காவல் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

ஒருநாள் எண்ணிய எண் போதாது. மழை மாதத்திலும் வெயில் மாதத்திலும் எண்ணல் வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணல் வேண்டும். மழைவீழ்ச்சியும் வெப்பநிலையும் நாடோறும் ஒரே நேரத்திற் குறிக்கப்படுவதும் இதற்காகவே. இவ்வேட்டை எழுதுவோர் மாறலாம். எழுதுதல் இடையில் நிற்றல் ஆகாது.

ஒரு மருந்தைச் சோதிக்கும்போது மலைச்சரிவு தனியானதொரு சிக்கலைத் தருகின்றது. சரிவின் மேற்பகுதியில் மண் ஆழம் குறைந்து காற்று மிகுந்திருக்கும். கீழ்ப்பகுதியில் மண் திரண்டு ஈரம் தங்கியிருக்கும். மருந்திட்ட பாத்தியைக் கீழும், மருந்திடாத பாத்தியை மேலும் வைத்தால், காணும் வேறுபாடு மருந்தினால் வந்ததா, மண்ணினால் வந்ததா என்று கூறமுடியாது. ஆகவே, ஒரே உயரத்தில், சமவுயரக்கோட்டை ஒட்டிப் பாத்திகள் அருகருகே அமைக்கப்படும். எதற்கு மருந்து, எதற்கு இல்லை என்பது சீட்டெடுத்துத் தீர்மானிக்கப்படும். இத்தொகுதி பல உயரங்களில் மீண்டும் மீண்டும் அமைக்கப்படும். மருந்திடாத பாத்தியை வீண் நிலம் என எண்ணுதல் தவறு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுவே அளவுகோல்.

நச்சு மருந்தினால் நேர்ந்த கேடு

தேயிலையின் மற்றொரு பீடை, தண்டைத் துளைக்கும் சிறு வண்டு. இது தண்டினுள் சுரங்கம் குடைந்து, தான் கொண்டுவரும் பங்கசை அங்கே வளர்த்து, அதனையே தன் குஞ்சுகளுக்கு உணவாக்கும். துளையுண்ட கிளைகள் எளிதில் முறியும். இவ்வண்டை ஒழிப்பதற்காக 1950 களின் நடுப்பகுதி முதல் டீல்டிரின் என்னும் நச்சு மருந்து தெளிக்கப்பட்டது. அது நெடுநாள் அழியாது நிலைப்பது. அதனாலேயே சிறந்ததெனக் கருதப்பட்டது.

ஆனால், டீல்டிரின் தெளித்த இடங்களில் அடங்கியிருந்த டோற்றிக்ஸ் புழு மீண்டும் பெருகியது. சுள்ளியைப் போன்று தோன்றும் வேறொரு புழுவும் கூட்டங்கூட்டமாகத் தோன்றி இலையைத் தின்றது. காரணம் விளங்கத்தக்கதே. டோற்றிக்ஸ் புழு இலைக்கூட்டினுள் மறைந்து வாழ்வது. குளவியோ அதனைத் தேடி இலை இலையாக நடந்து திரிவது. ஆகையால் இலையிற் படிந்த நச்சுக்குக் குளவியே எளிதில் இரையாகும். வண்டுக்கு இட்ட மருந்து, புழுவின் பகைவனைக் கொன்று புழுவைக் காத்தது. சுள்ளிப்புழுவின் பெருக்கத்தை ஆராய்ந்த டந்தநாராயண, கதிரவேற்பிள்ளை என்போரின் கட்டுரை 1969 இல் வெளியாயிற்று. அப்புழுவின் இயற்கைப் பகைவர் டீல்டிரினால் அழிந்தமையே பெருக்கத்துக்குக் காரணமென அவ்வாராய்ச்சி காட்டியது.

டீல்டிரின் மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்குவது. 2001 இல் நிறைவேறி 2004 இல் நடைமுறைக்கு வந்த ஸ்ரொக்கோம் உடன்படிக்கை, உலகெங்கும் ஒழிக்கப்படவேண்டிய நச்சுப்பொருட்களுள் அதனையும் சேர்த்துள்ளது. அம்மருந்தின் காலம் கடந்துவிட்டது. அது தந்த பாடம் எம்மருந்துக்கும் பொருந்தும்.

செய்கையாளர் கவனிக்கவேண்டியவை

1. பின்னிய இலைக்கூடுகளைக் கண்டவுடன் மருந்து தெளித்தல் ஆகாது. சிலவற்றைப் பிரித்து, புழு உயிருடன் உள்ளதா, குளவியின் கூடுகள் உள்ளனவா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

2. சில புழுக்களை இலையுடன் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி, நிழலில் வைத்துக் கவனிக்கலாம். வெளிவருவது அந்துப்பூச்சியா, குளவியா என்பதை எவரும் கண்ணாற் காணலாம்.

3. கொழுந்து பறிக்கும்போது காணும் முட்டைக் குவியல்களைப் பறித்து அழித்தல் நன்று. கூலி வேலையாக அன்றி, பறிப்பதோடு சேர்த்துச் செய்தால் செலவு இல்லை.

4. மருந்து இன்றியமையாதவிடத்து, தாக்கப்பட்ட பகுதிக்கு மட்டும், அலுவலரின் ஆலோசனைப்படி, குறித்த அளவில் இடுக. தோட்டம் முழுவதும் தெளித்தால் குளவிக்குப் புகலிடம் இல்லாதுபோகும்.

5. தாக்கம் கண்ட நாள், இடம், மழை, இட்ட மருந்து ஆகியவற்றை ஓர் ஏட்டிற் குறித்துவைக்குக. ஆராய்ச்சி அலுவலருக்கு அவ்வேடு பெரிதும் உதவும்.

பீடையை எண்ணுபவர் அதன் பகைவனையும் எண்ணல் வேண்டும். தோட்டத்தில் கூலியின்றி வேலைசெய்யும் அச்சிறு குளவியைக் காப்பது, கொழுந்தைக் காப்பதாகும்.