துறைமுகச் சாலையும் ஊர்ச் சாலையும்

சென்னையின் வடபகுதி, நகரின் தேவைகள் பலவற்றை ஆக்கித் தரும் நிலப்பரப்பாகும். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்கி வருகிறது. அதனைச் சுற்றி உரத் தொழிற்சாலையும் வேதிப்பொருள் ஆலைகளும் எழுந்தன. எண்ணூரில் அனல்மின் நிலையம் அமைந்தது. 2001இல் புதிய துறைமுகமும் செயற்படத் தொடங்கியது. ஆயினும் மணலியும் திருவொற்றியூரும் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது 2011ஆம் ஆண்டில்தான். தொழில் முன்னே வந்தது. நகர வசதிகள் மெல்லப் பின்னே வந்தன.

போக்குவரத்துக்குப் பொதுப்பணம் செலவிடப்படுவது இப்பகுதிக்குப் புதிதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. அப்பாதையை அமைத்தது இங்கிலாந்தில் பங்கு திரட்டிய ஒரு தனியார் நிறுமம். ஆயின், அக்கால இருப்புப்பாதை நிறுமங்களின் பங்குதாரர்க்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வருவாய் கிடைக்குமென்று அரசு உறுதியளித்திருந்தது. வருவாய் குறைந்தால், குறைந்த தொகையை இந்நாட்டு மக்களின் வரிப்பணமே ஈடு செய்தது. ஊதியம் பங்குதாரருக்கு, இழப்பு வரி செலுத்துவோருக்கு என்பதே அவ்வேற்பாட்டின் உட்பொருள்.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அதே கடற்கரையில் மற்றொரு திட்டம் தோன்றியது. துறைமுக வாயிலில் நுழையக் காத்திருக்கும் கொள்கலன் வண்டிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையாக நிற்பதை வடசென்னையில் அறியாதவர் இலர். இந்நெரிசலைத் தீர்க்கவே எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழ்நாடு அரசு ஆகிய நான்கும் பங்கேற்ற தனி நிறுமம் ஒன்று இதற்கென உருவாக்கப்பட்டது. திட்டம் கருக்கொண்டது 1998ஆம் ஆண்டளவில். பணிகள் விரைவு பெற்றதோ அடுத்த பத்தாண்டும் கடந்த பின்னர். இடைக்காலத்தில் மதிப்பீடு பன்மடங்கு உயர்ந்து ஏறத்தாழ 600 கோடி ரூபாயை எட்டியது. சாலையோர மீனவர் குடும்பங்களுக்கு மாற்றுக் குடியிருப்பு வழங்குவதும் கால நீட்டிப்புக்கு ஒரு காரணமாயிற்று. அக்குடும்பங்களின் பக்கமிருந்து பார்த்தால், கடலை விட்டுப் பெயர்வது தொழிலை விட்டுப் பெயர்வதற்கு ஒப்பாகும். அதனைத் தாமதம் என்ற ஒரு சொல்லால் மட்டும் குறிப்பது முறையன்று.

இச்சாலை சரக்குக்கானது. மக்களுக்கான பெருஞ்செலவு மெட்ரோ இரயில் வடிவில் வந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9.05 கிலோமீட்டர் நீட்டிப்பு, 3,770 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்து 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. மத்திய, மாநில அரசுகளின் நிதி இல்லாமல் இத்தகைய பாதை அமைவது அரிது. பயணக் கட்டணத்தால் மட்டும் அதன் முதலீட்டை மீட்டுவிட இயலாது.

அவ்வாறாயின், எந்தப் பகுதிக்கு முதலில் நிதி தருவது? ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வெளிப்படையான அளவுகோல் ஒன்றை வகுத்தது. 1994இல் நிறுவப்பட்ட ஒருங்கிணைவு நிதி, தனிநபர் வருமானம் ஒன்றியச் சராசரியில் 90 விழுக்காட்டுக்கும் குறைந்த நாடுகளின் போக்குவரத்து, சுற்றுச்சூழல் பணிகளுக்கு வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், அயர்லாந்து ஆகியவை இதனைப் பெற்றன. எனினும், நாட்டுச் சராசரி ஒன்று போதாது. செல்வ நாட்டினுள்ளும் வறிய வட்டாரம் இருக்கக்கூடும். 1975இலேயே தொடங்கப்பட்ட வட்டார வளர்ச்சி நிதி, அத்தகைய வட்டாரங்களையும் கருத்திற் கொண்டது.

இந்நுட்பம் வடசென்னைக்கு நன்கு பொருந்தும். சென்னை, தமிழ்நாட்டின் வளமிக்க மாவட்டங்களுள் ஒன்று. அதன் சராசரியை மட்டும் நோக்கினால் மணலியின் குறை கண்ணுக்குத் தெரியாது. நகரின் ஒரு பகுதிக்கென்றே நிதி ஒதுக்கும் வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மூன்றாண்டுக்கு 1,000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்ப் பணிகளாக விரிவுபெற்றுத் தொடங்கப்பட்டது, இக்காரணத்தாலேயே கருதத்தக்கதாகிறது.

மணலியின் ஆலைகளுக்குச் சரக்கு இருப்புப்பாதை உண்டு. அதில் பயணியர் வண்டி ஓடுவதில்லை. மெட்ரோ ஏற விரும்பும் மணலிவாசி, சரக்குந்துகளுக்கிடையே பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ பக்கிங்காம் கால்வாயைக் கடந்து திருவொற்றியூருக்கு வந்தாக வேண்டும்.