கண்ணாடி ஜாடியான மணல் மலை... மிச்சத்தைக் காப்பாற்றிய மக்கள்!

ஒரு மலையையே அள்ளி, கண்ணாடி ஜாடிகளாக்கி விற்றுத் தீர்க்க முடியுமா? அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் அது நடந்திருக்கிறது.

மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது மிச்சிகன் சிட்டி என்ற ஊர். அங்கே 'ஹூஸியர் ஸ்லைடு' என்ற மணல் குன்று சுமார் 200 அடி உயரத்துக்கு நின்றது. அதன் உச்சியில் ஏறுவதற்கென்றே சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். ஆனால், கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு அந்த மணல் தேவைப்பட்டது. ரயில் ரயிலாக ஏற்றி அனுப்பினார்கள். 1920 வாக்கில் குன்று தரைமட்டமானது. பிறகு அந்த இடத்தில் மின் நிலையம் வந்தது.

அந்தக் கரையில் தப்பிப் பிழைத்த குன்றுகள்தான் இன்றைய 'இண்டியானா டியூன்ஸ் தேசியப் பூங்கா'. சுமார் 24 கி.மீ. நீளக் கரை, ஏறக்குறைய 15,000 ஏக்கர் பரப்பு, 1,100-க்கும் மேற்பட்ட தாவர வகைகள். ஏரி என்றாலும் எதிர்க்கரை தெரியாது. அலையும் உண்டு, உப்பு மட்டும் இல்லை!

50 ஆண்டுக் காத்திருப்பு

இங்கே தேசியப் பூங்கா வேண்டும் என்ற கோரிக்கை 1916-லேயே எழுந்தது. முதல் உலகப்போரில் அது அடிபட்டுப் போனது. 1952-ல் டோரதி புயல் என்பவர் தலைமையில் பெண்கள் திரண்டு, குன்றுகளைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். செனட்டர் பால் டக்ளஸ் அவர்களுக்குத் துணை நின்றார். இறுதியில் சமரசம்தான் கிடைத்தது. துறைமுகமும் இரும்பாலையும் வந்தன. 1966-ல் மிச்சமிருந்த கரைக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 2019-ல் இது தேசியப் பூங்காவானது.

புல்தான் சிமென்ட்

மணல் குன்றைப் பிடித்து நிறுத்துவது 'மாரம்' என்ற புல். மண்ணுக்குள்ளேயே தண்டை ஓடவிட்டு வலைபோலப் பின்னிக்கொள்ளும். காற்று மணலைக் கொண்டுவந்து மூடினாலும் மேலே முளைத்து வந்துவிடும். ஆனால், மனிதக் காலடியை மட்டும் அதனால் தாங்க முடியாது. பலர் மிதித்தால் புல் சாகும். புல் செத்தால் மணல் பறக்கும்.

இதற்குக் கண்கண்ட சாட்சி, 126 அடி உயர 'மவுண்ட் பால்டி'. புல் போர்வையை இழந்த இந்தக் குன்று, காற்றின் போக்கில் ஆண்டுதோறும் சில அடிகள் உள்ளே நகர்கிறது. வழியில் நின்ற ஓக் மரங்களை அப்படியே மூடிவிட்டது. உள்ளே மரம் மக்க மக்க, மணலுக்குள் பொந்துகள் உருவாயின. 2013 ஜூலையில் 6 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படியொரு பொந்துக்குள் விழுந்து, சுமார் 11 அடி ஆழத்தில் புதைந்துபோனான். 3 மணி நேரத்துக்கும் மேலாகத் தோண்டி, உயிருடன் மீட்டார்கள். அதன்பிறகு, பூங்கா ஊழியர் துணையில்லாமல் உச்சிக்குப் போக அனுமதியில்லை.

திரும்பி வந்த தண்ணீர்

குன்றுகளுக்குப் பின்னால் உள்ள 'கிரேட் மார்ஷ்' சதுப்பு நிலத்தை, விவசாயத்துக்காகவும் வீடுகளுக்காகவும் வாய்க்கால் வெட்டி வடியவிட்டிருந்தார்கள். பூங்கா நிர்வாகம் அந்த வாய்க்கால்களை அடைத்தது. தண்ணீர் தங்கியது. நீர்த்தாவரங்கள் முளைத்தன, கொக்குகளும் வாத்துகளும் திரும்பின. மேடையில் நின்று பார்க்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* சிகாகோவிலிருந்து 'சவுத் ஷோர்' மின்சார ரயிலில் போய்வரலாம்.

* 'வெஸ்ட் பீச்' பகுதியின் மரப்படிகளில் ஏறினால், வெறும் மணலில் புல், புல்லை அடுத்து பைன், அதற்கப்பால் ஓக் காடு என ஒரு குன்று காடாகும் கதையை வரிசையாகப் பார்க்கலாம். இப்படித் தாவரங்கள் மாறிவருவதைத் தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் இந்தக் கரையில்தான் ஆராய்ந்து, 1899-ல் எழுதினார்.

* ஏரிதானே என்று அலட்சியம் வேண்டாம். இங்கும் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு.

* படியையும் பாதையையும் விட்டு இறங்காதீர்கள். ஹூஸியர் ஸ்லைடை அள்ளித் தீர்க்க ரயில்கள் தேவைப்பட்டன. மிச்சமிருக்கும் குன்றுகளைக் கரைக்க, நம் செருப்புக் கால்களே போதும்!