அடுத்த வீட்டுப் பம்பின் முடிவு நமக்குப் பொருந்தாது

வங்கதேசத்தில் 2000 முதல் 2003 வரை ஏறக்குறைய 50 லட்சம் அடிபம்புகளின் தண்ணீரைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால் பம்பின் வாயில் சிவப்புச் சாயம், குறைவாக இருந்தால் பச்சை. சுமார் 29 சதவீதப் பம்புகள் சிவப்பாயின. ஆனால் இந்தச் சராசரியைவிடக் கவனிக்க வேண்டியது, ஒரே ஊருக்குள் நிறங்கள் கலந்து கிடந்த விதம்தான். ஒரு வீட்டில் சிவப்பு, சில பத்து மீட்டர் தள்ளி அடுத்த வீட்டில் பச்சை. ஆகவே ‘எங்கள் மாவட்டம் ஆர்சனிக் பட்டியலில் இல்லை’ என்பதோ ‘பக்கத்து வீட்டுத் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட்டார்கள்’ என்பதோ எந்தக் குடும்பத்துக்கும் பாதுகாப்பு அல்ல. ஒவ்வொரு பம்பையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது குடிப்பவரின் உரிமை.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து சேர்த்த வண்டலில், மணல் துகள்கள் மேல் படிந்த இரும்புத் துருவோடு ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. உடன் புதைந்த இலைதழை மட்கி ஆக்சிஜன் தீர்ந்துபோனதும், நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைக்கின்றன. ஆர்சனிக்கும் நீரில் இறங்கிவிடுகிறது. ஆறுகள் தடம் மாறி மாறி ஓடிய நிலம் அது; பழைய மணல் திட்டும் பிந்திய சேறும் அருகருகே கிடக்கின்றன. சாம்பல் நிற இளம் மணலில் ஆர்சனிக் ஏறும், பல்லாயிரம் ஆண்டு பழைய செம்மணலில் பெரும்பாலும் குறையும். 1998–99இல் நடந்த கணக்கெடுப்பில், 150 மீட்டருக்குள் இறங்கிய கிணறுகளில் 27 சதவீதம் 50 மைக்ரோகிராமைத் தாண்டின. அதைவிட ஆழமானவற்றில் ஏறத்தாழ ஒரு சதவீதமே.

அப்படியானால் எல்லாரும் ஆழமாகத் தோண்டலாமே என்று கேட்பது நியாயம். பல இடங்களில் அது நல்ல வழிதான். ஆனால் அதற்கான செலவு ஏழைக் குடும்பத்தால் தாங்கக்கூடியதல்ல. அரசு தோண்டித் தந்த ஆழ்கிணறுகளிலும் செல்வாக்குள்ளவர் முற்றத்துக்குப் போனவை பல என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2016இல் எடுத்துக்காட்டியது. குளத்து நீருக்குத் திரும்பலாமே என்றால், வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறந்ததைத் தடுக்கத்தானே 1970களில் யுனிசெஃப் உதவியோடு பம்புகள் வந்தன? கொதிக்க வைப்பதால் பயனே இல்லை. நீர் ஆவியாக, மிஞ்சிய நீரில் ஆர்சனிக் இன்னும் கெட்டிப்படும். அருகிலேயே பச்சைப் பம்பு இருப்பதுதான் பம்புக்குப் பம்பு மாறும் இந்த இயல்பு தரும் நல்ல வாய்ப்பு: குடிக்கவும் சமைக்கவும் அங்கே நீர் எடுத்து, சிவப்புப் பம்பைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

‘இயற்கை செய்ததற்கு யாரைக் கேட்பது?’ என்பது இன்னொரு வாதம். ஆர்சனிக் இயற்கையானது, சோதிக்காமல் குடிக்கக் கொடுத்தது மனிதர்கள் செய்தது. 1992இல் வங்கதேச நிலத்தடி நீரை ஆராய்ந்த பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. அதற்காக லண்டனில் தொடுத்த வழக்கை 2006இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது; அந்த மக்களுக்கு நிறுவனம் சட்டப்படி பொறுப்பல்ல என்றது. வெளிநாட்டுக் கதவு மூடியதால் சொந்த அரசின் கடமை கூடுகிறதே தவிர குறையவில்லை. 1983இலேயே கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்சனிக் நோயாளிகளை அடையாளம் கண்ட மேற்கு வங்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். மாசற்ற நீர் இந்திய அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. பம்பின் சோதனை முடிவைத் தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம்.

மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போன்ற புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த முடிச்சுகள் — இவை பல ஆண்டு குடித்த பிறகே தெரியும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பின்னால் வரலாம். இந்த நோய் தொற்றாது, இதைச் சொல்லிப் பெண்களின் திருமணத்தை மறுப்பது கொடுமை. நீரின் நிறமோ சுவையோ எதையும் காட்டிக்கொடுக்காது. கிராமத்திலேயே சோதிக்கும் பெட்டி உண்டு: புட்டியில் நீரும் பொடியும் போட்டு மூடியில் தாள் பட்டையைச் செருகினால், ஆர்சனிக் கூடக் கூட அது மஞ்சளிலிருந்து பழுப்பாகும். முடிவை எண்ணாகவே கேளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் இந்தியாவும் வைத்திருக்கும் வரம்பு 10 மைக்ரோகிராம், வங்கதேசத்தில் 50. அங்கே பச்சை பூசிய பம்பில் 40 இருக்கலாம். 2003க்குப் பிறகு தோண்டிய பம்புகளுக்கோ அந்தச் சாயமும் இல்லாமல் இருக்கலாம்.