நம்ம ஊர் வரலாறு படிக்க எவ்வளவு செலவாகும்? தூத்துக்குடிக்காரங்களுக்கு ஒரு பட்ஜெட்



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் இந்த வாரம் லீவு. "சார், துறைமுகத்துலதான் வேலை. ஆனா நம்ம ஊர் வரலாறு ஒண்ணுமே தெரியல. ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு பத்தாயிரம் சொல்றாங்க, சேரலாமா?"ன்னு ஒரு தம்பி கேட்டார். அவருக்கான பதில்தான் இது.

என் பதில்: இப்போதைக்குக் காசு கட்டாதீங்க. ஏன்னா நான் கட்டியிருக்கேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு ஆன்லைன் வரலாற்றுக் கோர்ஸ்ல சேர்ந்தேன். 8,500 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 10,030. நாற்பது மணி நேர வீடியோவில் நான் பார்த்தது மூணே மணி நேரம். அதாவது மணிக்கு 3,343 ரூபாய்! கோர்ஸ் மோசமில்லை. ஆபீஸ் முடிஞ்சு வந்து தனியா உட்கார்ந்து வீடியோ பார்க்கிற ஆள் நானில்லை, அவ்வளவுதான்.

எங்க தாத்தா பழைய ஹார்பர்ல டேலி கிளார்க்கா இருந்தவர். எந்தக் கப்பல்ல என்ன சரக்கு வந்ததுன்னு சாகிற வரைக்கும் ஞாபகம் வச்சிருந்தார். ஒரு நாள்கூட நான் உட்கார்ந்து கேட்கல. அவர் 2019-ல் போயிட்டார். அந்த நஷ்டத்தை எந்தக் கோர்ஸும் ஈடு கட்டாது. அதனால, செலவு குறைவா, ஆனா காலம் தாழ்த்தாம எப்படிக் கத்துக்கலாம்னு பார்ப்போம்.

1. பணம் கட்டும் முன் நாலு கேள்வி

ஒண்ணு, சொல்ற கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா? தனியார் கோர்ஸ்களுக்குப் பொதுவா 18 சதவீதம் வரும்.

ரெண்டு, இஎம்ஐ போடச் சொல்றாங்களா? பல நேரம் அது உங்க பேர்ல எடுக்கிற கடன். நீங்க வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிக்காது. கட்டத் தவறினா சிபில் ஸ்கோர்ல அடி விழும்.

மூணு, வரிச்சலுகை கிடைக்குமா? கிடைக்காது. 80சி-னு நமக்குப் பழகின கழிவுல கல்விக் கட்டணம் வர்றது பழைய வரிமுறையில, பிள்ளைங்க ரெண்டு பேரோட முழுநேரப் படிப்புக்குத்தான். உங்க சொந்தப் படிப்புக்கு இல்லை.

நாலு, சான்றிதழ் எதுக்கு வேணும்? பதவி உயர்வுக்கோ மேற்படிப்புக்கோ வேணும்னா இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்தில் எம்.ஏ. வரலாறு பாருங்க. ஆர்வத்துக்காக மட்டும்னா சான்றிதழுக்குக் காசு கொடுக்காதீங்க.

2. இலவச உரைகள் எங்கே நடக்குது?

நம்ம ஊர்லயே நடக்குது. விளம்பரம் பண்றதில்லை, அதான் தெரியறதில்லை.

கல்லூரிகளில் இருந்து தொடங்குங்க. 1948-ல் ஆரம்பிச்ச தூய மரியன்னை கல்லூரி, 1951-ல் ஆரம்பிச்ச வ.உ.சி. கல்லூரி ரெண்டும் ஊருக்குள்ளேயே இருக்கு. கல்லூரிகள்ல "அறக்கட்டளைச் சொற்பொழிவு"னு நடத்துவாங்க. யாரோ ஒருத்தர் வைப்புத்தொகை போட்டிருப்பார், அதோட வட்டியில் வருஷா வருஷம் உரை நடக்கும். நம்ம பாஷையில சொன்னா, எஃப்டி வட்டியில் நடக்கிற வகுப்பு! வரலாற்றுத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் போன் பண்ணி, "வெளியாட்கள் வரலாமா?"ன்னு கேளுங்க.

அடுத்து, மாவட்ட நிர்வாகம் நடத்துற புத்தகத் திருவிழா. நாம ஸ்டால்ல டிஸ்கவுன்ட் பார்த்துட்டு வந்துடுறோம். சாயங்கால மேடையில யார் பேசறாங்கன்னு நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்க.

காலண்டர்ல குறிச்சு வைக்க நாலு தேதி: ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம், செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்தநாள், நவம்பர் 18 அவர் நினைவு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். இதையொட்டித்தான் கூட்டங்கள் அதிகம் நடக்கும்.

3. ஷிஃப்ட் வேலையா? வீட்டிலிருந்தே

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களை இலவசமாப் படிக்கலாம். கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், பேட் தொகுத்த 1917-ம் வருஷ திருநெல்வேலி கெசட்டியரும் ஆங்கிலத்தில் இருக்கு. இணையத்துல தேடினா காசில்லாமலே கிடைக்கும். அப்போ தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளதான் இருந்தது, அதனால அந்தப் பேர்ல தேடுங்க.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை நடத்துற உரைகள் யூடியூப்லயே இருக்கு. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடம் கேட்கிறது இலவசம். சான்றிதழ்த் தேர்வு எழுதினா மட்டும் கட்டணம்.

4. பஸ் டிக்கெட்தான் ஃபீஸ்

ஞாயிற்றுக்கிழமை ஒரு இடம் போதும். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவு இல்லம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆதிச்சநல்லூர், அங்கே தோண்டின குழிகளை அப்படியே பார்க்கிற மாதிரி 2023-ல் அருங்காட்சியகம் திறந்திருக்காங்க. ஏரல் பக்கம் கொற்கை, பாண்டியரோட முத்துத் துறைமுகம். இன்னிக்குப் போய் நின்னா கடலே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு தூரம் விலகிப் போயிடுச்சு. தாமிரபரணி கரையோரம் புன்னைக்காயல், 1586-லேயே தமிழ்ப் புத்தகம் அச்சான ஊர். ஊருக்குள்ள பனிமய மாதா கோயில், 1713-ல் கட்டி முடிச்சது.

5. வவுச்சர் கேளுங்க

வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார். வரலாற்றுலயும் அதே பழக்கம் வேணும். "உலகத்துலயே முதல்ல நம்ம ஊர்லதான்"னு யாராவது ஆரம்பிச்சா, "எந்தக் கல்வெட்டு, எந்த ஆவணம்?"னு பணிவாக் கேளுங்க. நல்ல பேச்சாளருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

உதாரணத்துக்கு, வ.உ.சி. 1906 அக்டோபரில் பதிவு செஞ்ச சுதேசிக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. நம்ம தொழிலுக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடையாது. எதிர்க் கம்பெனி கட்டணத்தை இறக்கி அடிச்சது, 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனியைக் கலைச்சாங்க. இவ்வளவும் இன்னிக்கு நமக்குத் தெரியுதுன்னா, ஆ.இரா. வேங்கடாசலபதி மாதிரி ஆட்கள் ஆவணக் காப்பகங்கள்ல வருஷக்கணக்கா உட்கார்ந்ததால. அவரோட "திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908" நூலுக்கு 2024-க்கான சாகித்ய அகாதெமி விருது கிடைச்சுது. துறைமுகத்துக்கு 2011-லதான் வ.உ.சி. பேர் வந்தது. அதே துறைமுகக் கம்பெனிகளை ஆடிட் பண்ற எனக்கு, அவர் நடத்தின கம்பெனியோட கணக்கு முப்பது வயசு வரை தெரியாது.

6. மாசம் 500 ரூபாய் பட்ஜெட்

- பஸ், டீ, சாப்பாடு: 200
- புத்தகம்: 200
- நன்கொடை: 100

வருஷத்துக்கு 6,000. நான் வீணாக்கின கோர்ஸைவிடக் குறைவு. புத்தகச் செலவு கட்டுப்படியாகலைன்னா மாவட்ட மைய நூலகத்துல உறுப்பினர் ஆகிடுங்க.

அந்த 100 ரூபாயை மட்டும் வெட்டிடாதீங்க. இலவசக் கூட்டம்னா செலவே இல்லாத கூட்டம்னு அர்த்தமில்லை. மைக் வாடகையும் டீச் செலவும் யாரோ ஒருத்தர் பாக்கெட்ல இருந்து போகுது. பதினஞ்சு பேர் வர்ற கூட்டம் அஞ்சு பேர் ஆனா, அடுத்த வருஷம் நடக்காது. பேசினவர் புத்தகம் எழுதியிருந்தா அங்கேயே ஒண்ணு வாங்குங்க.

ஆறு மாசம் இப்படிப் போய்ப் பாருங்க. அப்பவும் ஆர்வம் குறையலைன்னா, தாராளமா கோர்ஸுக்குக் காசு கட்டலாம். அப்போ உங்களுக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெளிவாத் தெரியும்.

கடைசியா ஒண்ணு, இதுக்குச் செலவே இல்லை. வீட்டுல தாத்தாவோ ஆச்சியோ இருந்தா, இந்த ஞாயிறு போனை ரெக்கார்டிங்ல போட்டு முன்னால வச்சுட்டு, "நீங்க முதல்ல எங்கே வேலை பார்த்தீங்க?"ன்னு கேளுங்க. எஸ்ஐபி-யை அடுத்த மாசம்கூட ஆரம்பிக்கலாம். இதைத் தள்ளிப் போடாதீங்க.