பொற்காசிற் பொறித்த கோபுரம்

நாணயம் கொடுக்கல் வாங்கலுக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். ஆயினும் கடைவீதியைக் காணாத காசுகளும் உலகில் உண்டு. முற்காலத்து ஐரோப்பாவில், நாடாண்ட மேற்றிராணிமார் பரிசளிப்பதற்கென்றே அடித்த பொற்காசுகள் அத்தகையன. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

இன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த சால்ஸ்பர்க், 1803 வரை அதிமேற்றிராணியாரால் ஆளப்பெற்ற நாடாகும். அவர் திருச்சபைக்குத் தலைவர், நாட்டுக்கு அரசர். ஆயன் கோலும் அரசவாளும் ஒருவர்பாலே இருந்தன. காசடிக்கும் உரிமையும் அவருடையதே. காஸ்டைன், ரௌரிஸ் மலைச் சுரங்கங்கள் பொன் அளித்தன. ஹல்லைன் உப்பு பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது.

அக்காலத்துப் பொற்காசு டக்கட் எனப்படும். அஃது ஏறக்குறைய 3½ கிராம் எடையுள்ளது, மாற்றுயர்ந்த பொன்னாலாயது. வாணிகத்திற் பெரிதும் வழங்கியது இவ்வொற்றைக் காசே. உயர்ந்தோர்க்குப் பரிசாக அளிக்கவோ, பல டக்கட் எடையுள்ள பெருங்காசுகள் அடிக்கப்பெற்றன. வெள்ளிக் காசுக்கு வெட்டிய அச்சிலேயே பொன்னை இட்டு அடிப்பதும், காசைச் சதுரமாக அமைப்பதும் உண்டு. இவற்றைப் பெற்றோர், பொன்னோடு கொடுத்தவரின் பெயரையும் பெருமையையும் உடன்பெற்றனர்.

1587-இல் பதவியேற்ற வோல்ப் டீட்ரிக் வெளியிட்ட காசொன்றில் ஒரு கோபுரம் காணப்படும். கீழே அலைகள் மோதுகின்றன, நாற்றிசையினின்றும் காற்றுகள் சீறுகின்றன, கோபுரமோ சாயவில்லை. அசையாது எதிர்த்து நிற்கின்றது என்னும் பொருள்பட இலத்தீன் வாசகமும் பொறிக்கப்பெற்றுள்ளது. தம் ஆட்சியின் உறுதியை அயலார்க்கு உணர்த்த இதனினும் சிறந்த தூது வேறு யாது?

ஆனால் நிகழ்ந்தது வேறு. உப்பு வாணிகம் பற்றி அண்டை நாடாகிய பவேரியாவுடன் பகை மூண்டது. 1611-இல் பவேரியக் கோமகன் மாக்சிமிலியனின் படை சால்ஸ்பர்க்கினுட் புகுந்தது. தப்பியோடிய வோல்ப் டீட்ரிக் வழியிற் பிடிபட்டார். 1612-இல் பதவி துறந்தார். அவருக்குப்பின் ஆட்சியேற்றவர் அவர்தம் உறவினரே. எனினும் அவரும் விடுதலை அளித்திலர். நகரின் மேலோங்கி நிற்கும் கோட்டையிற் சிறையிருந்து, 1617-இல் வோல்ப் டீட்ரிக் உயிர் நீத்தார். அசையாத கோட்டை அவரைக் காக்கவில்லை, அடைத்து வைத்தது.

அக்காசிலுள்ள கோபுரம் இன்றும் சாயாமல் நிற்கின்றது. பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். பொன்மேற் பொறித்த சொல்லின் மாற்றைக் காலமே காட்டும் என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.