இளவேனிற்காலத் தோட்ட வேலையும் நீரிழிவுப் பாதமும்

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் வேம்பும் புங்கனும் பூக்கத் தொடங்கும். பள்ளித் தேர்வுகள் முடிந்து பேரக்குழந்தைகள் ஊருக்கு வருவார்கள். வீட்டு மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்கு மண் மாற்றுவதும், தோட்டத்துச் சாளையில் இரண்டு நாள் தங்கி வருவதும், ஞாயிறன்று ஆழியாற்றுக்கோ திருமூர்த்தி மலைக்கோ குடும்பத்தோடு புறப்படுவதும் நம் பகுதியில் இக்காலத்தின் வழக்கம். எங்கள் நீரிழிவுப் பாதச் சிகிச்சைப் பிரிவுக்கோ, முள் தைத்த பாதங்களும் கொப்புளித்த பாதங்களும் அடுத்தடுத்து வந்து சேரும் காலம் இது.

சென்ற ஆண்டுகளில் எங்களிடம் வந்தவர்களுள் அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவரை இங்கே குறிப்பிடுகிறோம். பல்லடம் பக்கம் தோட்டம். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. பேத்தி விடுமுறைக்கு வந்திருந்த மகிழ்ச்சியில் வேலியோரம் அவளுக்கென்று கீரைப் பாத்தி ஒன்று அமைத்துக் கொடுத்தார். நான்கு நாள்களுக்குப் பின், சாளைத் தரையில் வரிசையாகச் சிவப்புக் கறை இருப்பதைக் கண்டு, "அப்பாரு, உங்க கால்ல ரத்தம்" என்று சொன்னவள் அந்தப் பேத்திதான். கிளுவை முள் ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் முறிந்து நின்றிருந்தது. சீழ் விரல்களின் இடுக்குவரை பரவிவிட்டதால் இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது. "வலிக்கவே இல்லையே டாக்டர், வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருக்க மாட்டேனா?" என்று அவர் பலமுறை கேட்டார். வலிக்காததுதான் அவருடைய நோய் என்பதை விளக்க எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் நரம்பு நுனிகள் பழுதடைகின்றன. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே பாதிப்பு கால் விரல்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். சிலருக்கு முதலில் எரிச்சலும் மதமதப்பும் பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வும் தோன்றும். வேறு சிலருக்கு எந்த அறிகுறியும் இராது. உணர்வு சிறிது சிறிதாக, அவர்கள் அறியாமலே குறைந்துவிடும். வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் தளர்வதால் தோல் வறண்டு பித்தவெடிப்பு உண்டாகும். அவ்வெடிப்பே கிருமிகளுக்கு வாசலாகிவிடும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறு கீறல் ஆறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. நீரிழிவாளர்களுக்குக் காலை அகற்ற நேரும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை ஒரு சிறு புண்ணில் தொடங்கியவையே.

வலி இல்லாமைதான் பாதத்தைக் கெடுக்கிறது என்னும் இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளிடையே பணியாற்றினார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் பரவலாக நம்பினார்கள். பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாகக் கவனித்தார்கள். சூடான பாத்திரத்தைப் பிடிப்பதும், செருப்புக்குள் கிடக்கும் ஆணியை உணராமல் நடப்பதும், உறங்கும்போது எலி கடிப்பதை அறியாமல் கிடப்பதுமே காயங்களுக்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பும் நுண்துளை ரப்பர் செருப்பு வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியிலும் உருவானது இந்த அனுபவத்திலிருந்துதான். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அங்கு நீரிழிவாளர்களின் பாதங்களிலும் அதே வகைப் புண்களைக் கண்டார். இரண்டும் வெவ்வேறு நோய்கள். நீரிழிவு யாருக்கும் தொற்றுவதில்லை. ஆயினும் உணர்விழந்த பாதம் படும் பாடு ஒன்றே. இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும்போது, "இதெல்லாம் எனக்கெதற்கு?" என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வரலாற்றை அறிந்தால் அச்செருப்பின் மேல் சற்று மதிப்பு வைப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

தோட்ட வேலையை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை சர்க்கரையைக் குறைக்கிறது, மனத்துக்கும் நல்லது. பாதத்தில் ஆறாத புண் இருப்பவர்கள் மட்டும் அது ஆறும்வரை தள்ளியிருக்க வேண்டும். மற்றவர்கள் காலணியில் கவனம் செலுத்தினால் போதும். கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் பூந்தொட்டி வரிசை மட்டுமன்று. கிணறும் வரப்பும் கிளுவை வேலியும் சேர்ந்ததே தோட்டம். கொரங்காட்டில் வெள்வேல முள், வரப்பில் நெருஞ்சி, தரிசில் சீமைக்கருவேலம். எம்.சி.ஆர். செருப்பு வீட்டுக்கும் வீதிக்கும் ஏற்றது. அதன் மென்மையே அதற்குப் பலம். ஆனால் நீண்ட முள்ளை அம்மென்மை தடுக்காது. தோட்டத்துக்குத் தடித்த அடியுள்ள, விரல்களை முழுமையாக மூடும் காலணியே தேவை. உள்ளே தையல் துருத்தாத பருத்திக் காலுறையும் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் காலணி வாங்குவது நல்லது. அணியும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். காலணியைக் கவிழ்த்துத் தட்டிய பிறகு கை விடுவது தேளிடமிருந்து காக்கும். தனுர்வாதத் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தால் தோட்டத்தில் இறங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

முள்ளைக் காட்டிலும் இக்காலத்தில் எங்களை அஞ்ச வைப்பது சூடு. 44 டிகிரி செல்சியசு வெப்பம் தோலின் மேல் சுமார் ஆறு மணி நேரம் நீடித்தால்தான் புண்ணாகும். 60 டிகிரியிலோ சில நொடிகளே போதும். பங்குனி, சித்திரை உச்சி வெயிலில் கோயிலின் கருங்கல் தளம் 50 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. உணர்வுள்ளவர் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடிவிடுவார். உணர்விழந்தவர் நிதானமாகப் பிராகாரம் சுற்றி வந்து, பிரசாதமும் பெற்று, வீட்டுக்குத் திரும்பிய பின் இரண்டு பாதங்களிலும் உள்ளங்கை அகலக் கொப்புளங்களைக் காண்பார். பேரூர்ப் பங்குனி உத்திரத் தேருக்குச் செல்பவர்களும் மருதமலை ஏறுபவர்களும் விடியற்காலையையோ வெயில் தாழ்ந்த பொழுதையோ தேர்ந்தெடுக்கும்படி வேண்டுகிறோம். காலணியைக் கழற்ற வேண்டிய இடத்தில் தடித்த பருத்திக் காலுறை அணிய அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். விரிப்பு போட்டிருந்தால் அதை விட்டு விலகாதீர்கள். அப்போதும் தரையின் சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உடன் வரும் மகனோ மருமகளோதான். அவரவர் பாதத்தை நம்ப இயலாது.

பண்ணாரி மாரியம்மன் கோயிலின் பங்குனிக் குண்டத்தில் இறங்குவதாக நேர்ந்துகொண்டவர்கள் சிலர் எங்களிடம் தயக்கத்துடன் கேட்பதுண்டு. நம்பிக்கையில் தலையிடுவது எங்கள் வேலையன்று. ஆயினும் பாத உணர்வு குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தவர்கள் குண்டத்தில் இறங்கக் கூடாது என்பதே எங்கள் தெளிவான கருத்து. நேர்த்தியை வேறு வகையில் நிறைவேற்ற இயலுமா என்று கோயிலாரையும் குடும்பப் பெரியவர்களையும் கலந்து பேசிப் பாருங்கள். வனத்துறை பிப்ரவரி முதல் மே வரை அனுமதிக்கும் வெள்ளியங்கிரி மலைப் பயணத்துக்கும் இதையே சொல்வோம். வெறுங்காலுடன் ஏழு மலை ஏறி இறங்குவது உணர்விழந்த பாதத்துக்கு ஏற்றதன்று.

அருகில் செல்வதற்கு இடங்களா இல்லை? வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவிலும் உக்கடம் பெரியகுளக் கரையிலும் மாலையில் காலணியோடே நடக்கலாம். ஆழியாற்றுப் பூங்காவும் அவ்வாறே. கோவைக் குற்றாலத்திலோ பஞ்சலிங்க அருவியிலோ குளிப்பவர்கள் பிடிமானமுள்ள, நீரில் நனையத்தக்க மூடிய காலணியைக் கழற்றாமல் இறங்க வேண்டும். கரையேறியதும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். இன்னொன்று, பலரும் எண்ணிப் பாராதது: பழைய வேன்களில் ஓட்டுநரின் அருகிலுள்ள எஞ்சின் மூடியின் மேல் கால் வைத்தபடி பொள்ளாச்சி வரை பயணம் செய்து புண்ணோடு வந்தவர்களும் உண்டு. இன்சுலின் மருந்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக்கூடும் என்பதால் கையில் ஏதேனும் தின்பண்டம் இருக்கட்டும்.

இரவில் உறங்கப் போகும் முன் பாதத்தைப் பார்ப்பது, வெளியே சென்று வந்த நாளில் தவறவே கூடாத வேலை. குதிகாலையும் உள்ளங்காலையும் தாமாகப் பார்க்க முதியவர்களுக்கு இயலாது, பார்வையும் மங்கியிருக்கும். இங்கேதான் குடும்பத்தாரின் துணை வேண்டும். விளக்கடியில் பாதத்தை வைத்து, விரலிடுக்குகளை விலக்கிப் பாருங்கள். காலுறையில் கறை உள்ளதா என்றும் பாருங்கள். வெள்ளைக் காலுறையை நாங்கள் வற்புறுத்துவது இதற்காகவே. ஒரு பாதம் மட்டும் மற்றதை விடச் சூடாகவும் சிவந்தும் வீங்கியும் இருந்தால், புண் இல்லாவிட்டாலும் வலி இல்லாவிட்டாலும், நடப்பதை நிறுத்திவிட்டு மறுநாளே வாருங்கள். நீண்ட நடைக்குப் பின் பாத எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

காயம் கண்டால் தூய நீரிலும் சோப்பிலும் கழுவி, உலர்ந்த தூய துணியால் மூடி, அக்காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். முள்ளை எடுக்க எருக்கம்பால் விடுவதும், ஊக்கால் கிளறுவதும், சுண்ணாம்பும் மஞ்சளும் காப்பித்தூளும் அப்புவதும் வேண்டா. எருக்கம்பால் பட்டு வெந்த தோலை ஆற்றுவது பல வேளைகளில் முள் தைத்த புண்ணை ஆற்றுவதைக் காட்டிலும் கடினமாக இருந்திருக்கிறது. வீட்டில் வெந்நீரில் காலை ஊறவைக்கும் பழக்கமும் வேண்டா.

பாத உணர்வு எவ்வளவு உள்ளது என்பதை அறியும் சோதனை மிக எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொடுவோம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். அதிர்வு உணர்வை இசைக்கவையால் பார்ப்போம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வெறும் வயிற்றோடு வர வேண்டியதும் இல்லை. நீரிழிவுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்துகொள்ள வேண்டும். வரும்போது விசேடங்களுக்கு அணியும் புதிய செருப்பை அன்று, தோட்டத்துக்கு அன்றாடம் போட்டுச் செல்லும் பழைய செருப்பை எடுத்து வாருங்கள். அதன் அடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதை நாங்கள் பார்க்க வேண்டும்.