வளைந்த அடிச் சப்பாத்தும் விறைத்த கால்களும்

தைப்பொங்கலுக்கு முன்னர் கனடாவில் இருந்து வந்த பார்சலில் பெரியம்மாவுக்கு ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. அதன் அடி தட்டையாக இல்லை. தோணியின் அடியைப் போல முன்னும் பின்னும் வளைந்து மேலெழும்பியிருந்தது. "இதைப் போட்டுக்கொண்டு நடந்தாலே காணுமாம் பிள்ளை. வேறை உடற்பயிற்சி ஒண்டும் தேவையில்லையாம். தம்பி சொன்னவன்" என்றார் பெரியம்மா.

அவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். வன்னியில் இருந்து மானிப்பாய்க்குத் திரும்பி வந்தபோதே பாதங்களில் விறைப்பு இருந்தது. மூன்றாம் கிழமை, மருதடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வரும் வழியில், தார் வீதி முடிந்து ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் கால் பிரண்டு விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்காலில் பட்ட காயம் ஆற இரண்டு மாதம் சென்றது. அண்ணாவை நான் குறை சொல்லவில்லை. அவர் விளம்பரத்தை நம்பினார், அவ்வளவுதான். ஊடகக் கற்கை படித்த எனக்கு அந்த விளம்பரத்தைத்தான் கிண்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த வகைச் சப்பாத்துக்குப் பின்னால் உள்ள எண்ணம் இலகுவானது. அடி உறுதியில்லாமல் ஆடினால், விழாமல் நிற்பதற்காகக் கால், தொடை, இடுப்புத் தசைகள் கூடுதலாக வேலை செய்யும்; ஆகவே நடந்தாலே தசை இறுகும், எடை குறையும். சுவிற்சர்லாந்தில் 1990களில் எம்.பி.ரி. என்ற பெயரில் இப்படியொரு சப்பாத்து வந்தது. 2009இல் றீபொக் நிறுவனத்தின் 'ஈஸிரோன்', ஸ்கெச்சர்ஸ் நிறுவனத்தின் 'ஷேப்-அப்ஸ்' ஆகியன சந்தைக்கு வந்த பின்னர்தான் இது பெரிய வியாபாரமானது. 2011இல் அமெரிக்காவின் சுப்பர் போல் ஆட்டத்தின்போது தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்டாஷியன் இதற்கான விளம்பரத்தில் தோன்றினார்.

றீபொக்கின் விளம்பரம் இலக்கங்களோடு வந்தது. பிட்டத் தசைகள் 28 வீதமும் பின்தொடைத் தசைகள் 11 வீதமும் கூடுதலாக வலுப்பெறும் என்றது. இலக்கம் சொன்னால் நாங்கள் அதைச் சோதனை முடிவு என்று எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அதற்கு ஆதாரம் போதாது என்றது. 2011 செப்ரெம்பரில் 25 மில்லியன் டொலரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க றீபொக் இணங்கியது. 2012 மே மாதத்தில் ஸ்கெச்சர்ஸ் 40 மில்லியன் டொலருக்கு இணங்கியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காசோலை போனது. குற்றச்சாட்டை ஸ்கெச்சர்ஸ் ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த வழக்கில் எனக்கு மறக்காத விடயம் ஒன்று. விளம்பரத்தில் ஒரு சிகிச்சையாளர் தோன்றி, தான் செய்த 'சுயாதீன' ஆய்வை வைத்து இச்சப்பாத்தைச் சிபாரிசு செய்தார். அவருடைய மனைவி அதே நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அதிகாரி என்றும், ஆய்வுக்கு நிறுவனமே பணம் கொடுத்தது என்றும் ஆணைக்குழு சொன்னது.

உண்மையிலேயே சுயாதீனமான சோதனை ஒன்றை அமெரிக்க உடற்பயிற்சிப் பேரவைக்காக விஸ்கொன்சின் - லாகுரோஸ் பல்கலைக்கழகத்தினர் 2010இல் செய்தார்கள். இளம் பெண்களை நடைப்பொறியில் நடக்கவிட்டு, மேலே சொன்ன மூன்று வகைச் சப்பாத்துகளையும் ஒரு சாதாரண ஓட்டச் சப்பாத்தோடு ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பு, ஒட்சிசன் பாவனை, எரிந்த கலோரி, தசைகளின் வேலை எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பங்குபற்றியவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 'இரண்டு நாளிலேயே கெண்டைக்கால் நொந்தது, அப்படியென்றால் வேலை செய்கிறது' என்பவர்களுக்கு இதில் விளக்கம் இருக்கிறது. பழக்கமில்லாத அடியில் நடந்தால் முதலில் நோகும். பிறகு உடம்பு பழகிவிடும்.

வளைந்த அடி முழுதாகப் பயனற்றது என்றும் சொல்லமுடியாது. பெருவிரல் மூட்டு இறுகியவர்களுக்கும், முன்பாதத்தில் புண் வரக்கூடியவர்களுக்கும் அழுத்தத்தைக் குறைக்க மருத்துவர்கள் வளைந்த அடியைப் பரிந்துரைப்பதுண்டு. அது காலைப் பார்த்து, அளந்து செய்வது. பார்சலில் வருவது அப்படியல்ல.

அமெரிக்காவில் ஏமாந்தவர்களுக்குப் போனது காசு. எங்கள் ஊரில் அதைவிடக் கூடப் போகலாம். சீனி வருத்தத்தால் விறைத்த கால், தரையின் சாய்வை மூளைக்குச் சரியாகச் சொல்லாது. அப்படிப்பட்டவரை ஆடுகிற அடியில் ஏற்றிவிட்டால் அவர் தடுமாறுவார். உணர்வற்ற பாதத்தை அழுத்தத்தில் இருந்து காப்பதே செருப்பின் முதல் வேலை என்பதை வேலூரில் தொழுநோயாளரோடு வேலை செய்த மருத்துவர் போல் பிராண்ட் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே காட்டினார். மெத்தென்ற நுண்துளை றப்பர்ச் செருப்புகள் அப்படி வந்தவைதான். நகரத்துக் கடைகளில் 'இரத்த ஓட்டத்துக்கு நல்லது' என்று விற்கும், உள்ளே குமிழ் குமிழாக இருக்கும் செருப்பு அதற்கு நேர்மாறானது.

மிதிவெடியிலும் ஷெல்லிலும் காலை இழந்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல். செயற்கைக்காலைப் பொருத்தும்போது குதியின் உயரத்தைக் கணக்கிட்டே அதன் சாய்வை அமைப்பார்கள். குதியுயரம் மாறினால் முழங்கால் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளப்படும். ஜெய்ப்பூர்க் கால் வெறுங்காலோடு நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்றதாக 1960களின் பிற்பகுதியில் உருவானது. யாழ்ப்பாணத்தில் அதற்கான நிலையம் 1987இலிருந்து இயங்குகிறது. வெளிநாட்டுச் சப்பாத்தைப் போட முன்னர் கால் செய்து தந்தவர்களிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். மற்றக் கால்தான் கூடுதல் பாரம் சுமக்கிறது. அதையும் பரிசோதனை செய்து பார்க்கிற இடமாக்காதீர்கள்.

சப்பாத்து வாங்கும்போது விலையைவிட அளவைப் பாருங்கள். கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் வாங்குவது நல்லது. விறைத்த காலுக்கு இறுக்கம் தெரியாது. ஆகையால் நின்றபடி பாதத்தைக் கடதாசியில் வரைந்து வெட்டி, சப்பாத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஓரம் மடிந்தால் அது உங்களுக்குரியதல்ல. தட்டையான உறுதியான அடி, அகன்ற முன்பகுதி, குதியைப் பிடிக்கும் பின்பட்டி. இவ்வளவும் போதும். கிழமைக்கு 150 நிமிட மிதமான நடை என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அதில் சப்பாத்தின் பெயர் இல்லை.

இங்கே பொய்யான விளம்பரத்தோடு ஏதும் விற்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பார்சலில் வருவதை எங்கே முறையிடுவது!

பெரியம்மா இப்போது மானிப்பாய்ச் சந்தைக்குப் பக்கத்தில் வாங்கிய பட்டி வைத்த செருப்போடு நடக்கிறார். வளைந்த சப்பாத்து பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. விழுந்ததை அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. "அவன் அங்கை ரெண்டு வேலை செய்து அனுப்பினது. சொல்லிப்போடாதை" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரைப் போடாமல் எழுது" என்றார்.